மாசிமகத்து முழுக்கு

பாட்டிலில் கிடந்த ஜெல்லி மீனைப் பார்த்து 'நிறம்: வெள்ளை' என்று எழுதித்தான் நான் பி.எஸ்சி. தேறினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். ஆண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாட்டிலை நம்பாமல் வேறு எதை நம்புவது? கல்லூரியில் பையன்களை மட்டும் கடற்கரைக்கு டூர் அழைத்துப் போனார்கள். பெண்கள் நாங்கள் லேபில் உட்கார்ந்து, ஃபார்மலின் வாடையில் கண் எரிய எரியப் படம் வரைந்தோம். டூர் போனவர்கள் கருவாடும் சினிமாப் பாட்டுமாகத் திரும்பி வந்தார்கள். ரெக்கார்டு நோட்டில் அவர்கள் வரைந்தது என் படத்தைப் பார்த்து.

படித்து முடித்ததும் விழுப்புரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சயின்ஸ் டீச்சர் வேலை கிடைத்தது. நான் கேட்ட வேலை அதுவல்ல. கடல் உயிர்களை ஆராய்கிற ஓர் அரசாங்க அலுவலகத்தில் உதவியாளர் வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அவர்களுக்கு அவமானம்.

1960-இல் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவே ஒரு பாட்டில். பாட்டிலில் ஜெல்லி மீன். வர்ணிக்கச் சொன்னார்கள். குடை, குடைக்குக் கீழே வாய்க்கரங்கள், நிறம் வெள்ளை என்று கடகடவென்று ஒப்பித்தேன். நடுவில் இருந்த கண்ணாடிக்காரர் வெரிகுட் என்றார். பிறகு, கடலில் இறங்கியிருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப எப்படிம்மா? கட்டுமரத்துல பொம்பளைங்க ஏறினா மீன்காரனுங்க அடிக்க வருவானுங்க. உன்ன எடுத்துட்டு, நாங்க கரையில உனக்குக் குடை புடிச்சிக்கினு நிக்கறதா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். அடுத்த வருஷமும் ஆள் எடுப்போம், வந்து பார் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷத்தோடு எனக்கு வயது வரம்பு முடிகிறது என்பது அவர்கள் கையில் இருந்த மனுவிலேயே இருந்தது. ரயிலில் இடம் காலியாகத்தான் இருந்தது. விழுப்புரம் வரும்வரை நான் உட்காரவில்லை.

அடுத்த வருஷம் அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பொய் சொல்லியும் அந்த வேலையை வாங்கியிருக்கலாம். ஆனால் அவர்கள் மூன்று பேருக்காகப் பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

அருள்நாதன் எங்கள் பள்ளிக்கு வந்துபோவார். பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சுக் கப்பற்படையில் முங்கு ஆளாக இருந்து, பென்ஷனும் இரண்டு ஜோடிக் காற்று உருளைகளுமாக ஊர் திரும்பியவர். அந்த இரும்பு உருளையை முதுகில் கட்டி, அதிலிருந்து வரும் ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டால் தண்ணீருக்கடியில் முக்கால் மணி நேரம் சாவகாசமாக மூச்சு விடலாம். மரக்காணத்துக்கு வடக்கே ஒரு குப்பத்திலிருந்து கட்டுமரத்தில் போய் முங்கி, கிடைத்ததைப் பிடித்து, பாட்டிலில் அடைத்துப் பள்ளிக்கூடங்களுக்கு விற்பார். அவருக்கு உயிர்களின் விஞ்ஞானப் பெயர் ஒன்றும் தெரியாது. கண்டமங்கலம் வழியாக பஸ் பிடித்து விழுப்புரம் வருவார். நான் பெயர் எழுதி ஒட்டிக் கொடுப்பேன். ஓயாமல் பேசுகிற மனிதர். பாதி அளப்பு.

ஒருநாள் ஒரு ஜெல்லி மீன் பாட்டிலைக் கொண்டுவந்தார். அந்தக் கரையில் அதைச் சொறி என்பார்கள், பட்டால் அரிக்கும். நான் வழக்கம்போல 'வெள்ளை' என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"நீலம்னு போடுங்க டீச்சரம்மா."

"பாட்டில்ல வெள்ளையாத்தானே இருக்கு?"

"செத்தா நீங்களும் நானும்கூட வேற கலருதான். நேத்து நா கையால புடிச்சேன். அந்தோணியார் சத்தியமா நீலம்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் அத்தோடு விட்டிருந்தால் நான் தோற்றுப்போயிருப்பேன். அவரால் விட முடியாது. அந்தச் சொறி தன் குட்டிகளைக் குடைக்கு அடியில் வைத்து வளர்க்கும் என்றார். ஐம்பது அறுபது மீன்குட்டிகள். தாய் போகிற இடமெல்லாம் கூடவே போகும். தாய்ப்பாசத்தில் மனுஷன் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும் என்றார். நான் சிரித்துவிட்டேன். முதுகெலும்பே இல்லாத ஒரு ஜந்து மீனைப் பெறாது என்றேன். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. கண்ணால் கண்டதைச் சொன்னால் சிரிக்கிறீர்களே, வந்து பாருங்கள் என்றார்.

"கூட்டிக்கினு போறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஆனால் பின்வாங்கவில்லை. ஐப்பசி மழையில் கடல் சேறாகக் கிடக்கும், தை கடந்தால்தான் தண்ணீர் தெளியும் என்றார். மாசியில் சொறி வரும். அதைத் தின்னப் பின்னாலேயே ஆமை வரும். பங்குனி ஆமை என்றே அதற்குப் பெயர். வைகாசிக்குள் எல்லாம் போய்விடும். பார்ப்பதென்றால் அந்த இடைவெளியில்தான் பார்க்க வேண்டும். இன்டர்வியூ சித்திரையில். கணக்கு சரியாக இருந்தது. கட்டுமரம்தான் சரியாக இல்லை.

குப்பத்துக்கு நானே போனேன். அருள்நாதனை ஏற்றிச் செல்லும் நடராசன் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். என் வயதுதான் இருக்கும். மரியாதையாகவே பேசினான். மரத்தில் பெண்பிள்ளை கால் பட்டால் வலையில் மீன் விழாது என்றான்.

"மீன் சொல்லிச்சா?"

"மீனு இன்னாத்த சொல்லப்போவுது? எங்கம்மா சொல்லும்." கொஞ்சம் யோசித்தான். "மகத்தன்னிக்கு வாங்க. அன்னிக்கு மரம் சாமிக்கு, வலைக்கு இல்ல. சாமியோட வர்ற பொம்பளைங்க ஏறிக்கினு ஒரு சுத்து வருவாங்க. எங்கம்மாவே ஏறும்."

நான் மணலில் அப்படியே நின்றுவிட்டேன். வருஷா வருஷம் மாசிமகத்துக்கு எங்கள் ஊர் அம்மன் தீர்த்தமாட வருவது அந்தக் கரைக்குத்தான். திண்டிவனத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். மாட்டுவண்டியில் ராத்திரி புறப்பட்டால் விடியும்போது கடல். சின்ன வயதிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். கரையோரம் மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, பொரியைத் தின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். பெண்கள் மரத்தில் ஏறிச் சுற்றி வருவதைத் தூரத்திலிருந்து பார்த்துமிருக்கிறேன். அவர்கள் குப்பத்துப் பெண்கள், நாம் ஏறக்கூடாது என்று எண்ணியிருந்தேன். யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெள்ளையம்மாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கோபம் வந்தால் எதிரே யார் என்று தெரியாது. எனக்கு இந்தக் குணம் வந்த வழி அது. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், அதை உரித்துக்கொண்டே கேட்டாள். அப்பாவுக்குத் தெரியாமல்தான் செய்ய வேண்டும் என்றேன்.

"யாருக்கும் சொல்லாம எது செய்யறதுன்னாலும் எங்கிட்ட மட்டும் சொல்லிட்டு செய்யி," என்றாள். "உள்ள போனா திரும்பி வருவியா?"

"வருவேன்."

"அப்ப கெணத்துல மொதல்ல செஞ்சி காட்டு."

அப்படித்தான் எங்கள் கொல்லைக் கிணற்றில் ஒத்திகை நடந்தது. அப்பா பாண்டுரங்கன் மல்லாட்டை மூட்டையோடு திண்டிவனம் மண்டிக்குப் போகிற நாளாகப் பார்த்து, அருள்நாதன் உருளைகளோடு வந்தார். ஊர் வாய்க்குப் பயந்து தன் அக்கா இன்னாசியம்மாளையும் கூட்டிவந்தார். அந்த அம்மாள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் என் அம்மா. இரண்டு பேரும் கேப்பைக் களிக்கு எந்தக் குழம்பு சரி என்று சண்டை போட்டுக்கொண்டார்கள்.

நீச்சல் எனக்குப் புதிதல்ல. பாவாடை கட்டின காலத்திலேயே அதே கிணற்றில் குதித்தவள். குழாயைக் கவ்வியபிறகுதான் தடுமாறினேன். தண்ணீருக்குள் போனதும் பழக்கத்தில் மூச்சை அடக்கினேன். அருள்நாதன் என்னை மேலே இழுத்துவந்து கத்தினார்.

"அடக்காதீங்க. அடக்கினு மேல வந்தா நெஞ்சு வெடிச்சிரும். இழுங்க, விடுங்க. அவ்ளோதான்."

பிறந்ததிலிருந்து சிரிப்பை அடக்கு, குரலை அடக்கு, நடையை அடக்கு என்றுதான் கேட்டிருக்கிறேன். அடக்காதே என்று என்னை முதன்முதலாகத் திட்டினவர் அருள்நாதன். அன்று பொழுது சாய்வதற்குள் பழகிக்கொண்டேன். கிணற்றடியில் உட்கார்ந்து நான் விட்ட மூச்சு குமிழி குமிழியாக மேலே போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே அம்மாவின் முகம் ஒரு வட்டத்துக்குள் தெரிந்தது.

மாசிமகத்தன்று கரையில் கூட்டம் எக்கச்சக்கம். பம்பைச் சத்தம், பொரி வாசனை, கைக்குழந்தைகளின் அழுகை. பக்கத்து ஊர்ச் சாமிகளெல்லாம் வரிசையாக வந்து இறங்கின. எங்கள் அம்மனை அப்பாவும் மற்றவர்களும் தோளில் சுமந்து தண்ணீருக்குப் போனார்கள். அந்த நேரம் பார்த்து, ஒரு வண்டிக்குப் பின்னால் நான் நாற்று நடப் போவதுபோலப் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டேன். அருள்நாதன் உருளையை என் முதுகில் ஏற்றி வாரை இறுக்கினார். இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட். நெற்றியில் மூக்கையும் மூடுகிற கண்ணாடி. நான்கு அடி நடப்பதற்குள் கூட்டம் சூழ்ந்துவிட்டது.

நான் பயந்தது இதற்குத்தான். பெண்பிள்ளை இது என்ன கூத்து என்று ஒரு வார்த்தை கிளம்பினால் போதும், நடராசன்கூடப் பின்வாங்கிவிடுவான். நான் வாயைத் திறந்தால் நிச்சயம் சண்டையாகும் என்று அம்மாவுக்குத் தெரியும். என் கையை அழுத்திப் பிடித்தாள்.

பக்கத்து ஊர்க் கிழவி ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பார்வை முதுகில் நின்றது.

"இது இன்னா வேண்டுதல்டி ஆத்தா?"

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு அவள் கண்ணால் என்னைப் பார்த்தேன். அங்கே ஒருவன் கன்னத்தில் வேல் குத்தியிருந்தான். இன்னொருவன் தலையில் தீச்சட்டி. காவடி தூக்கியவர்கள் பத்துப் பேர். அந்தக் கூட்டத்தில் முதுகில் இரும்பு கட்டின ஒரு பெண் வேறு யாராக இருக்க முடியும்?

அம்மா கண் இமைக்காமல் சொன்னாள்: "கவர்மெண்டு வேலைக்கு வேண்டுதல்."

அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தன் பேரனுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னாள். யாரோ உருளைக்கு மஞ்சள் பூசினார்கள். யாரோ பொட்டு வைத்தார்கள். ஒருத்தி சூடம் ஏற்றிக் காட்டினாள். அருள்நாதனும் முதுகில் உருளை கட்டியிருந்ததால் அவருக்கும் அதே மரியாதை. நெற்றியில் குங்குமத்தோடு அவர் என்னைப் பரிதாபமாகப் பார்க்க, இன்னாசியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். கூட்டம் வழிவிட்டது. நாங்கள் மரத்தில் ஏறினோம். நடராசனின் அம்மா ஏற்கெனவே அதில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

சாமியை வைத்துவிட்டு நிமிர்ந்த அப்பா என்னைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. மரம் அலையைத் தாண்டிவிட்டது.

அலைக்கு அப்பால் கடல் தாம்பாளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது. பம்பைச் சத்தம் மெலிந்துபோனது. அருள்நாதன் முதலில் இறங்கினார். நான் குழாயைக் கவ்விக்கொண்டு பின்னால் சரிந்தேன்.

உள்ளே நிசப்தம் இல்லை. என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. இழுத்தால் ஒரு சத்தம், விட்டால் ஒரு சத்தம். அவர் என் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே கொண்டுபோனார். மூன்று ஆள் ஆழம் இருக்கும். தண்ணீர் இளம்பச்சை. கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை. பிறகு பச்சைக்குள்ளிருந்து ஒன்று வந்தது.

அது சுருங்கியது, விரிந்தது. விரிந்து சற்று நின்று, மறுபடி சுருங்கியது. அதற்கு எந்த அவசரமும் இல்லை. அதன் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னும் பல. கண்ணுக்கு எட்டிய வரை குடைகள், ஒவ்வொன்றும் தன் மூச்சைத் தானே விட்டுக்கொண்டு போயின. நீலம். வேட்டி அலசும் தண்ணீரில் நீலத்தூள் கரையுமே, அந்த நீலம். விளிம்பில் வெந்தயத்தின் காவி. வெயில் மேலிருந்து இறங்கி ஒவ்வொரு குடைக்குள்ளும் விளக்கேற்றியதுபோல் நின்றது. பாட்டிலில் சவமாகக் கிடந்ததை வைத்து எனக்கு நூற்றுக்கு எழுபத்தெட்டு போட்டிருந்தார்கள்.

அருள்நாதன் என் தோளைத் தட்டி ஒரு குடைக்கு அடியில் காட்டினார். விரல்நுனி அளவு மீன்குஞ்சுகள், வெள்ளித் தகடாக, கரங்களுக்கு நடுவே நின்றன. பெருமை அவர் கண்ணாடிக்குள் தெரிந்தது. நான் பொறு என்று கை காட்டினேன். பார்த்துக்கொண்டே மிதந்தோம். பக்கத்தில் இன்னொரு குடை வந்தபோது, குஞ்சுகளில் நாலைந்து இதை விட்டு அதற்குப் போயின. எந்தக் குழந்தை போகிற போக்கில் தாயை மாற்றிக்கொள்ளும்? அவரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

அப்போதுதான் ஆமை வந்தது. பெரிய முறத்தளவு ஓடு, அதில் பாசி. எங்களைச் சட்டை செய்யவில்லை. நேராக வந்து அந்தக் குடையைக் கவ்வியது. கண்ணை மூடிக்கொண்டு, பல்லில்லாத கிழவி நுங்கு தின்பதுபோலத் தின்றது. குடை கிழிந்து கிழிந்து போயிற்று. குஞ்சுகள் சிதறி ஒரு நிமிஷம் நடுத்தண்ணீரில் திகைத்து நின்றன. பிறகு ஒட்டுமொத்தமாகத் திரும்பி என்னை நோக்கி வந்தன.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். என் முந்தானை சொருகலிலிருந்து அவிழ்ந்து, தண்ணீரில் விரிந்து மேலே எழும்பி, மெல்லச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. குஞ்சுகள் அதற்கு அடியில் போய் நின்றுகொண்டன. கூறைப் புடவைக்கு அலைகிற என் சித்தி பெண்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும். அசையாமல் மிதந்தேன். கிழிந்த ஒரு கரம் மணிக்கட்டில் உரசித் தீயாக எரிந்தது. கையை மட்டும் விலக்கிக்கொண்டேன். அவை போகும்வரை நான் அங்கிருந்து நகர்வதாக இல்லை. காற்று தீர்கிறது என்று அருள்நாதன்தான் சைகை காட்டி, இழுத்துக்கொண்டு மேலே வந்தார்.

"நீலமா?" மரத்தைப் பிடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி.

"நீலம். ஆனா குட்டிங்க இல்ல. வாடகைக்குக் குடியிருக்கிறதுங்க."

"வாடகையா? உங்க முந்தானைக்குள்ள அம்பது பேரு குடியிருந்தாங்களே, எவ்ளோ வசூலாச்சு?"

நடராசனின் அம்மா என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தாள். நானும் சிரித்தேன். அடக்கவில்லை.

கரையில் அப்பா நின்றிருந்தார். மணிக்கட்டில் கோடு கோடாகத் தடித்திருந்ததைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், உருளையில் கரையாமல் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தார். அவர் இதை வேண்டுதல் என்று நம்பவில்லை. சொல்லத் திட்டு நிறைய வைத்திருந்தார் என்பதும் முகத்தில் தெரிந்தது.

"ஊரே கும்புட்டு அனுப்பிச்சிருக்குது. இப்ப நா திட்டினா சாமி குத்தம்," என்றார் அம்மாவிடம். "வண்டில ஏறச் சொல்லு."

சித்திரையில் இன்டர்வியூ. அதே அறை, அதே மூன்று பேர், அதே பாட்டில். கண்ணாடிக்காரருக்கு என்னை ஞாபகமில்லை. வர்ணிக்கச் சொன்னார். குடை, வாய்க்கரங்கள் எல்லாம் சொன்னேன். நிறம் என்றார்.

"நீலம் சார். ஓரத்துல காவி."

அவர் பாட்டிலைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். கண் தெரியவில்லையா அம்மா என்றார்.

"பாட்டில்ல வெள்ளை சார். ஃபார்மலின்ல வெளுத்துப்போச்சு. கடல்ல நீலம். நா பாத்தேன்."

எங்கே, எப்படி என்று கேட்டார்கள். மாசிமகத்தில் கட்டுமரம் ஏறியதைச் சொன்னேன். மீன்குஞ்சுகள் ஒரு குடையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதையும், ஆமை தின்கிற முறையையும் சொன்னேன். முந்தானையைப் பற்றிச் சொல்லவில்லை. அது அவர்களுக்கு அல்ல. கோடியில் இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கண்ணாடிக்காரர் மட்டும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"சரிம்மா. மகம் வருஷத்துல ஒரு நாள்தானே? மத்த நாள்ல உன்ன எந்த மரத்துல ஏத்துவான்?"

இதைக் கேட்பார் என்று தெரிந்துதான் வந்திருந்தேன். போன வருஷமாக இருந்தால் குரல் உயர்ந்திருக்கும். இப்போது மூச்சை இழுத்தேன், விட்டேன்.

"மரத்துலதான் சார் பொம்பள ஏறக்கூடாது. இன்ஜின் படகு வருதுன்னு பேப்பர்ல போட்டிருக்கீங்க. அதுல ஏறக்கூடாதுன்னு இன்னும் யாரும் சாஸ்திரம் எழுதல. எழுதறதுக்குள்ள என்ன ஏத்திடுங்க."

கோடியில் இருந்தவர் சத்தமாகச் சிரித்துவிட்டு, கண்ணாடிக்காரரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். வெளியே போய் உட்காரச் சொன்னார்கள்.

நான் எழுந்தபோது கண்ணாடிக்காரர் பாட்டிலைக் கையில் எடுத்து, ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடியில் வேலைக்கு உத்தரவு வந்தது. தையில் இன்ஜின் படகு வந்தது. மாசி பிறந்ததும் அதில் முதல் ஆளாக ஏறினேன். அன்று மகம் இல்லை, வெறும் செவ்வாய்க்கிழமை.